ஸனதில் ஒரு கல்தச்சர்

ஷஃபான் மாதம் பிறந்துவிட்டால் நம் நாட்டு அரபி மத்ரஸாக்களில் ஒரு தனிப் பரபரப்புக் காணப்படும். ஷவ்வாலில் தொடங்கிய கல்வியாண்டு ஷஃபானில் முடிகின்றது. ஆண்டுத் தேர்வு நடைபெறும். ஓதி முடித்தவர்களுக்கு ஸனது வழங்கும் விழாவுக்கு நாள் குறிக்கப்படும். அதன் பின்னர் அந்த இளைஞர்களுக்கு ஓய்வு கிடைக்குமா என்றால், அதுதான் இல்லை. இரண்டு மூன்று வாரங்களில் ரமளான் வந்துவிடும். நேற்று வரை மாணவராக இருந்தவர், இன்று ஏதோ ஓர் ஊரில் தராவீஹ் தொழவைக்கும் இமாமாகவோ, இரவு பயான் செய்யும் மௌலவியாகவோ நிற்பார். வேறெந்தக் கல்விக் கூடத்திலும் பட்டம் பெற்றவர் இவ்வளவு விரைவில் மக்கள் முன்னிலையில் நிறுத்தப்படுவதில்லை.

அண்மையில் அத்தகையதொரு விழாவுக்குச் சென்றிருந்தேன். பெரிய கல்லூரி அன்று. பள்ளிவாசலை ஒட்டிய சிறிய மத்ரஸா. ஓதி முடித்தவர்கள் ஐவர் மட்டுமே. மூத்த ஹழ்ரத் அவர்களின் முன்னிலையில் ஒரு மாணவர் ஸஹீஹுல் புகாரியின் கடைசி ஹதீஸை ஓதினார். நாவுக்கு எளிதாகவும் மீஸான் தராசில் கனமாகவும் உள்ள இரு சொற்றொடர்களைப் பற்றிய அந்த ஹதீஸை அறியாதவர் நம்மில் எவர்? ஹழ்ரத் அவர்கள் விளக்கம் சொன்னார்கள், துஆ ஓதினார்கள். பிறகு ஒவ்வொருவர் பெயராக அழைத்து ஸனதைக் கையில் கொடுத்துத் தலைப்பாகை கட்டினார்கள். திரைக்குப் பின்னால் தாய்மார்களின் விம்மல் கேட்டது. எல்லாம் முறையாக நடந்தன.

ஆனால் ஹதீஸ் ஓதத் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் வந்த அறிவிப்பு ஒன்று என் மனத்தில் தைத்துவிட்டது. “சிறுபிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லுங்கள், மஜ்லிஸின் அமைதி கெடுகிறது” என்றார்கள். என் அருகில் மடியில் பேரனை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், மறு பேச்சின்றி எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அறிவித்தவரை நான் குறை கூறவில்லை. பிள்ளைகள் ஓடியாடியது உண்மைதான். எனினும் அன்று வழங்கப்பட்ட அதே ஸனதின் வரலாற்றை அறிந்தவர்கள் அந்த அறிவிப்பைச் செய்யச் சற்றுத் தயங்கியிருப்பார்கள். ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

தலைப்பாகையைப் பற்றி முதலில் ஒரு சொல். தஸ்தார்பந்தி என்னும் தலைப்பாகை கட்டும் வழக்கம் வடஇந்திய மத்ரஸாக்களில் வேரூன்றியது. 1866-இல் தேவ்பந்தில் சத்தா மஸ்ஜிதில் ஓர் ஆசிரியரையும் ஒரு மாணவரையும் கொண்டு தொடங்கிய தாருல் உலூம், சில ஆண்டுகளிலேயே தன் முதல் அணியினருக்குத் தலைப்பாகை கட்டியது. பின்னாளில் ஷைகுல் ஹிந்து எனப் போற்றப்பெற்ற மஹ்மூதுல் ஹஸன் (ரஹ்) அவர்களே அந்த முதல் மாணவர். அந்த அணியிலும் அவர் இருந்தார். மௌலானா அஷ்ரப் அலீ தானவீ (ரஹ்) அவர்கள் ஓதி முடித்த ஆண்டில் நடந்த நிகழ்ச்சி நன்கு அறியப்பட்டது. விழா நடக்கப் போகிறது எனக் கேள்வியுற்ற அவர், தோழர்களுடன் தம் ஆசிரியர் மௌலானா முஹம்மது யஃகூப் (ரஹ்) அவர்களிடம் சென்று, தங்களுக்கு அந்தத் தகுதி இல்லை, விழாவை நிறுத்திவிடுங்கள் என்று வேண்டினாராம். ஆசிரியர்கள் கண்முன் இருப்பதால்தான் உங்கள் தகுதி உங்களுக்குத் தெரியவில்லை, வெளியே சென்றால் தெரியும் என்ற கருத்தில் ஆசிரியர் விடை கூறி அனுப்பினார். தலைப்பாகை பெருமை அன்று, பாரம் என்பதை அந்த இளைஞர்கள் உணர்ந்திருந்தார்கள். இக்காலத்தில் சில இடங்களில் தலைப்பாகையோடு கருப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் அணிவித்துப் படம் எடுக்கிறார்கள். அதற்கு நியாயமாக, ஐரோப்பியப் பட்டமே நம் இஜாஸாவிலிருந்து வந்ததுதானே என்பார்கள். ஜார்ஜ் மக்திஸி என்னும் அறிஞர் 1981-இல் வெளியிட்ட நூலில் அத்தகைய தொடர்பை வலியுறுத்தியது மெய்யே. ஆனால் அறிஞர் அனைவரும் அதை ஒப்பவில்லை. நம்முடையதன் அருமையை அறிய அயலாரின் அங்கியைத் துணைக்கு அழைக்கவும் வேண்டியதில்லை.

தமிழகத்தில் ஸனது பெற்றவர் தாம் ஓதிய இடத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்வது அழகிய மரபு. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதியவர் பாகவி. சென்னை ஜமாலிய்யாவில் ஓதியவர் ஜமாலி. லால்பேட்டை மன்பவுல் அன்வாரில் ஓதியவர் மன்பயீ. நீடூர் மிஸ்பாஹுல் ஹுதாவில் ஓதியவர் மிஸ்பாஹி. 1924-இல் தோன்றிய உமராபாத் தாருஸ்ஸலாமில் ஓதியவர் உமரி. திருக்குர்ஆனை முழுமையாகத் தமிழில் தந்த அ.கா. அப்துல் ஹமீது அவர்களை ‘பாகவி’ என்ற சொல் இல்லாமல் நினைக்கவும் நம்மால் இயலாது. ஊர்ப் பெயரையும் தந்தை பெயரையும் விட ஓதிய இடத்தின் பெயர் நீடித்து நிற்பதைக் காண்கிறோம்.

ஆயினும் அந்த ஐவர் கையில் கொடுக்கப்பட்ட தாளில் உள்ளது மத்ரஸாவின் பெயர் மட்டும் அன்று. ஸனது என்ற சொல்லுக்குப் பொருளே வேறு. ஒருவர் சாய்ந்து நிற்பதற்குரிய ஆதாரம் அது. ஹதீஸ்கலையில், இவர் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று செல்லும் பெயர்த் தொடரே ஸனது. பழங்காலத்தில் கல்விக்கூடம் சான்றிதழ் தருவதில்லை; ஆசிரியரே இஜாஸா, அதாவது அனுமதி தருவார். நிஜாமுல் முல்க் கி.பி. 1067-இல் பக்தாதில் நிஜாமிய்யாவைத் திறந்தபோதும் இதே நிலைதான். தொன்மை மிக்க அல்அஸ்ஹரிலும் 1872-இல்தான் ஆலிம் பட்டத்துக்கு அறுவர் குழு ஒன்று தேர்வு நடத்தும் சட்டம் வந்தது. அதுவரை ஆசிரியரின் வாய்ச்சொல்லும் கையெழுத்துமே சான்று.

நம் நாட்டு மத்ரஸாக்களின் ஹதீஸ் ஸனதுகளில் மிகப் பலவும் தில்லி ஷாஹ் வலியுல்லாஹ் (ரஹ்) அவர்களைச் சென்றடைகின்றன. கி.பி. 1762-இல் மறைந்த அவர்கள் மதீனாவில் அபூதாஹிர் அல்குர்தீ அவர்களிடம் இஜாஸா பெற்றார்கள். அங்கிருந்து தொடர் இப்ராஹீம் அல்கூரானீ, அல்குஷாஷீ, அஷ்ஷின்னாவீ என மேலே சென்று ஷம்சுத்தீன் அர்ரம்லீயை அடைகிறது. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் குடும்பங்களுக்கு அப்பெயர் புதிதன்று. அவருக்கு மேலே ஸகரிய்யா அல்அன்ஸாரீ. அவருக்கு மேலே புகாரிக்குப் பெருவிளக்கம் எழுதிய இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ. அவருக்கு மேலே அத்தனூகீ. அவருக்கும் மேலே ஒரு பெயர் வருகிறது: அஹ்மது இப்னு அபீதாலிப் அல்ஹஜ்ஜார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். ஹஜ்ஜார் என்றால் கல்தச்சர். அது பட்டப்பெயர் அன்று, அவர் செய்த தொழில். திமிஷ்கு (டமாஸ்கஸ்) நகரத்தின் கோட்டையில் கல்வேலை செய்தவர்களுக்கு மேஸ்திரியாகப் பல ஆண்டுகள் இருந்தவர். நூல் எழுதியவர் அல்லர், பாடம் நடத்தியவர் அல்லர், பாமரர். இத்தகையவர் இப்னு ஹஜருக்கும் இமாம் புகாரி (ரஹ்) அவர்களுக்கும் இடையில் எவ்வாறு வந்து நின்றார்?

ஹிஜ்ரி 630, கி.பி. 1233, அதுவும் ஷஃபான் மாதம்! திமிஷ்கில் அய்யூபிய மன்னர் அல்மலிக்குல் அஷ்ரஃப், ஹதீஸுக்கென்றே கட்டிய தாருல் ஹதீஸ் அல்அஷ்ரஃபிய்யா திறக்கப்பட்டது. சிறிய கல்விக்கூடந்தான். ஆனால் அதன் முதல் தலைவர் இப்னுஸ் ஸலாஹ். பின்னாளில் அதே இருக்கையில் அமர்ந்தவர் மின்ஹாஜை நமக்குத் தந்த இமாம் நவவீ (ரஹ்). அந்த ஆண்டு பக்தாதிலிருந்து அல்ஹுஸைன் அஸ்ஸபீதீ என்ற முதியவர் திமிஷ்குக்கு வந்திருந்தார். ஸஹீஹுல் புகாரியை மிகக் குறுகிய ஸனதுடன் அறிவிக்கக் கூடியவர் அவர். மன்னர் முதல் மக்கள் வரை கூடிக் கேட்டார்கள். அக்கூட்டத்தில் ஏழு வயதளவில் ஒரு சிறுவன் இருந்தான். அவனே அஹ்மது. ஓதுவதைக் கேட்டான், நூல் முடிந்தது, வீட்டுக்குப் போய்விட்டான். அடுத்த ஆண்டு அஸ்ஸபீதீ காலமானார். சிறுவன் வளர்ந்தான், கல்வேலைக்குச் சென்றான்.

ஆனால் ஒருவர் அன்று அவன் பெயரை எழுதி வைத்திருந்தார்.

இதுதான் அக்காலத்து ஆண்டு நிறைவு மரபுகளில் மிக அரியது. ஒரு நூலை ஓதி முடித்ததும் அதன் பிரதியின் கடைசிப் பக்கத்தில், இன்ன ஆசிரியர் முன்னிலையில், இன்னார் வாசிக்க, இன்ன இன்னார் கேட்டனர் என்று பெயர் பெயராக எழுதி, இடத்தையும் தேதியையும் குறித்து வைப்பார்கள். ஸமாஃ, கேள்விப்பதிவு என்று அதைச் சொல்லலாம். அறிஞர் பெயர் மட்டும் அதில் இராது. கடைக்காரர், தொழிலாளர், அடிமைகள், பெண்கள், பிள்ளைகள் ஆகிய அனைவரும் இருப்பர். பாதியில் எழுந்து போனவர், ஒரு நாள் வாராதவர், இடையே உறங்கியவர் என்றும் குறித்திருப்பார்கள். ஐந்து வயது நிரம்பிய பிள்ளையைக் ‘கேட்டது’ என்றும், அதற்கும் இளையதை ‘வந்திருந்தது’ என்றும் வேறுபடுத்தி எழுதினார்கள். ஐந்து என்ற எல்லை எங்கிருந்து வந்தது? பெருமானார் (ஸல்) அவர்கள் தம் முகத்தில் விளையாட்டாக உமிழ்ந்த நீரை, மஹ்மூது இப்னுர் ரபீஃ (ரலி) என்ற சிறுவர் ஐந்து வயதில் கண்டு வாழ்நாள் முழுதும் நினைவில் வைத்திருந்தார். அச்செய்தியை இமாம் புகாரி தம் நூலில் கல்வி பற்றிய பகுதியில் சேர்த்துள்ளார்கள். திமிஷ்கில் கிடைத்த இத்தகைய கேள்விப்பதிவுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றை ஆய்வாளர்கள் தொகுத்து 1996-இல் அட்டவணையாக வெளியிட்டனர். ஹிஜ்ரி 550 முதல் 750 வரையிலான இருநூறு ஆண்டுகளுக்கு மட்டும் இத்தனை.

ஹிஜ்ரி 706-இல், அதாவது எழுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், பழைய பதிவுகளைப் புரட்டியவர்கள் அந்தப் பெயரைக் கண்டார்கள். இவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று தேடினார்கள். இருந்தார். கல்தச்சர் வீட்டுக்குக் கற்றவர் கூட்டம் படையெடுத்தது. அன்றிலிருந்து ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகள், திமிஷ்கிலும் எகிப்திலும் பிற ஊர்களிலும் எழுபது தடவைக்கு மேல் ஸஹீஹுல் புகாரி அவர் முன் ஓதப்பட்டது. நூறு வயதைத் தாண்டிய நிலையில் ஹிஜ்ரி 730-இல் அவர் காலமானார். அதே அஸ்ஸபீதீயிடம் கேட்டிருந்த ஸித்துல் வுஸரா என்ற பெண்மணியும் அவரைப் போலவே புகாரியை அறிவித்தார். ஹிஜ்ரி 716-இல் அவர் மறைந்தார்.

இது ஒரு தனி மனிதருக்கு நேர்ந்த விந்தை மட்டும் என்று கருதுவோர், அவருக்கு மேலுள்ள பெயர்களையும் நோக்க வேண்டும். அஸ்ஸபீதீ பக்தாதில் அபுல் வக்த் என்பவரிடம் புகாரியைக் கேட்டபோது அவரும் ஏறத்தாழ ஏழு வயதுப் பாலகர். அபுல் வக்த் அவர்களோ, ஹிராத்திலிருந்து பூஷஞ்சுக்குத் தந்தையுடன் கால்நடையாகச் சென்று அத்தாவூதீயிடம் கேட்டவர். அப்போது பத்து வயதும் ஆகவில்லை. அவரே பின்னாளில் சொன்ன செய்தி இது. தந்தை வழியில் இரண்டு கற்களை அவர் கையில் கொடுத்துச் சுமக்கச் சொன்னார். பிள்ளை களைத்ததும் ஒன்றைப் போட்டுவிடச் சொன்னார்; சுமை குறைந்ததால் நடை இலகுவாயிற்று. மீண்டும் களைத்ததும் மற்றதையும் போடச் சொன்னார். அதற்கும் பிறகு களைத்தபோது தோளில் தூக்கிக்கொண்டார். எதிர்ப்பட்ட உழவர்கள், பிள்ளையை எங்கள் வாகனத்தில் ஏற்றுங்கள் என்றபோது, நபிமொழியைத் தேடிச் செல்கையில் வாகனம் ஏறுவதா என்று மறுத்துவிட்டார். அந்த அத்தாவூதீயும் தம் ஆசிரியர் அஸ்ஸரக்ஸீயிடம் கேட்டது ஏழு வயதளவில்தான். ஏனெனில் அவர் பிறந்தது ஹிஜ்ரி 374, ஆசிரியர் மறைந்தது 381. அஸ்ஸரக்ஸீ அல்ஃபிரப்ரீயிடம் கேட்டார். அல்ஃபிரப்ரீ இமாம் புகாரியிடமே கேட்டார்.

கணக்கிட்டுப் பாருங்கள். இமாம் அவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 256. கல்தச்சர் மறைந்தது 730. இடையே 474 ஆண்டுகள், ஆட்களோ அறுவர்! முதியவர் ஒருவரின் முன்னால் பிள்ளை ஒன்றைக் கொண்டுபோய் உட்காரவைத்த தந்தைமாராலும் தாத்தாமாராலும் நிகழ்ந்தது இது. பிள்ளைக்கு அன்று என்ன விளங்கியிருக்கும்? அநேகமாக ஒன்றும் விளங்கியிராது. அக்கால அறிஞர்களே இதைக் குறித்து வாதிட்டிருக்கிறார்கள். வயது குறித்த விதிகளை இப்னுஸ் ஸலாஹ் தம் நூலில் ஆராய்ந்திருக்கிறார்.

வாசகத்தைப் பாதுகாத்தவர்கள் வேறு ஓர் அணி என்பதையும் மறக்கலாகாது. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் அதே திமிஷ்கில் ஷரஃபுத்தீன் அல்யூனீனீ பழம் பிரதிகள் பலவற்றை ஒப்புநோக்கி, இலக்கண மேதை இப்னு மாலிக் முன்னிலையில் 71 அமர்வுகளில் புகாரியை ஓதித் திருத்தினார். நம் மாணவர்கள் தலைகீழாக மனனம் செய்யும் அல்ஃபிய்யாவின் ஆசிரியர்தாம் இந்த இப்னு மாலிக். இருபதாம் நூற்றாண்டுக்குச் சற்று முன்னர் சுல்தான் அப்துல் ஹமீது எகிப்தின் பூலாக்கில் அச்சிடச் செய்த பதிப்பு அந்த யூனீனீ பிரதியையே அடிப்படையாகக் கொண்டது. கற்றவர்கள் எழுத்தைக் காத்தார்கள். கல்தச்சரும் அவரைப் போன்றவர்களும் குரலைச் சுமந்தார்கள். இரண்டில் ஒன்றை விட்டு மற்றதை உயர்த்திப் பேசுவது முறையன்று என்பதே என் எண்ணம்.

விழா முடிந்தபின் ஹழ்ரத் அவர்களிடம் சென்று, ஸனதின் தொடரைப் பார்க்க விரும்புவதாகச் சொன்னேன். அவர்கள் மகிழ்ந்து ஒரு படியை எடுத்துத் தந்தார்கள். விரலால் வரிசையைத் தொட்டுக்கொண்டே மேலே சென்றேன். அச்செழுத்தில் மங்கலாக, அல்ஹஜ்ஜார் என்ற பெயர் இருந்தது. “இன்று மஜ்லிஸில் கேட்டவர்களின் பெயர்களை எங்கேனும் எழுதி வைப்பதுண்டா, ஹழ்ரத்?” என்றேன். “முன்பு ஒரு தடித்த பதிவேடு இருந்தது. ஓதுபவர்கள் பெயர் மட்டும் அதில் இருக்கும். கரையான் பிடித்துவிட்டது. இப்போது ஓதுபவர்களின் பெயரும் மதிப்பெண்ணும் கணினியில் ஏற்றிவிடுகிறோம். கேட்க வருபவர்களை யார் எழுதுகிறார்கள்?” என்றார்கள். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “காயல்பட்டினத்தில் ரஜப் மாதம் முழுவதும் புகாரி ஷரீஃப் ஓதுகிறார்களே, அங்கே ஊரே கேட்கிறது. அந்தப் பெயர்களையெல்லாம் எழுதினால் எத்தனை ஏடு வேண்டும்!” என்று தாமே சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் வருத்தமும் கலந்திருந்தது.

கல்தச்சரிடம் கேட்டவர்களிலும் ஒரு பிள்ளை உண்டு. ஆயிஷா பின்த் முஹம்மது இப்னு அப்தில் ஹாதீ என்று பெயர். நான்கு வயதளவில் அவரைக் கொண்டுபோய் அந்த முதியவர் முன் உட்காரவைத்தார்கள். ஹிஜ்ரி 816 வரை அவர் வாழ்ந்தார். கல்தச்சரிடம் புகாரியை நேரில் கேட்டவர்களில் கடைசியாக எஞ்சியிருந்தவர் அவரே என்று பிற்காலத்தார் குறித்தார்கள். இப்னு ஹஜரும் அவரிடம் பாடம் கேட்டவர்தாம்.

செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வந்தேன். ஹவுளின் ஓரத்துப் படியில் அந்த முதியவர் இன்னும் அமர்ந்திருந்தார். ஒலிபெருக்கியின் வழியே அவர் முழுவதையும் அங்கிருந்தே கேட்டிருக்கிறார். “கடைசி ஹதீஸ் ஓதும்போது இவன் முழிச்சுத்தான் இருந்தான், தம்பி. துஆவிலேதான் தூங்கிட்டான்” என்றார். நார்சாப் பொட்டலத்தை மார்போடு பிடித்தபடி பேரன் அவர் மடியில் உறங்கிக்கொண்டிருந்தான். பையனின் பெயரையும் வயதையும் கேட்டேன். வயது ஐந்து முடிந்து இரண்டு மாதம். சட்டைப் பையிலிருந்த அழைப்பிதழின் பின்புறத்தில், தேதியிட்டு, இரண்டையும் எழுதிக்கொண்டேன்.